சுரங்கத் தண்ணீரும் குவாரித் தண்ணீரும்: குப்பம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பம், குடுபல்லி, சாந்திபுரம், ராமகுப்பம் மண்டலங்களிலும், எல்லை தாண்டி வாணியம்பாடிப் பக்கத்திலும் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற வேலை எனக்கு. கையில் பாட்டிலைப் பார்த்ததும் ஜனங்கள் கேட்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்ப வாயால் சொல்வதை எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்ப விளக்கவில்லை.

சுரங்கத் தண்ணின்னா என்ன சார்? எங்க ஊரு குவாரிக் குட்டையில நிக்கறதும் அதுதானா?

பூமியைத் தோண்டிய இடத்தில் ஊறியும் தேங்கியும் வழிந்தும் வருகிற தண்ணீர் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் எதைத் தோண்டினார்கள் என்பதைப் பொறுத்து அதன் குணம் அடியோடு மாறிவிடும். நம் பக்கத்தில் மூன்று வகை உண்டு. முதலாவது கிரானைட் குவாரிக் குழி. அடுத்தது தங்கச் சுரங்கம்: கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் (கேஜிஎஃப்), இந்தப் பக்கம் சிகரகுண்டா, பிசாநத்தம். தாதுவை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்மேடுகளும் இதில் சேரும். மூன்றாவது, கல் அறுத்துப் பாலிஷ் போடும் ஃபேக்டரிகள் வெளியே விடும் வெள்ளைச் சகதி.

கிரானைட் குழியில் நான் முதலில் பார்ப்பது வெடிமருந்திலிருந்து வரும் நைட்ரேட், வண்டிகளின் டீசல், எண்ணெய், கலங்கல், கிருமி. தங்கச் சுரங்கம் என்றால் அமிலம், கரைந்த உலோகங்கள், ஆர்சனிக், சயனைடு. யாராவது வந்து "தண்ணியைச் சுத்தம் பண்ண என்ன போடணும்?" என்று கேட்டால், எந்தக் குழி, அங்கே என்ன தோண்டினார்கள் என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

கல்லு மேல தண்ணி பட்டா எப்படிக் கெடும்? மலையில பெய்யற மழையும் கல்லு மேலதானே விழுது?

எல்லாக் கல்லும் தண்ணீரைக் கெடுக்காது. பைரைட் என்ற கனிமம் இருந்தால்தான் சிக்கல். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது அது. மஞ்சளாகப் பளபளக்கும், தங்கம் என்று ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. காற்றும் தண்ணீரும் ஒன்றாகப் பட்டால் அது சிதைந்து கந்தக அமிலமும் கரைந்த இரும்புமாக மாறும். இரும்பை வைத்தே உயிர் பிழைக்கிற ஒரு பாக்டீரியா இந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்திவிடும். அமிலம் உண்டானபிறகு பக்கத்துப் பாறையில் இருக்கும் செம்பு, துத்தநாகம், காட்மியம், அலுமினியம் எல்லாம் கரைந்து தண்ணீருக்குள் வந்துவிடும்.

மலையில் மழை படுவது வெளித்தோலில் மட்டும். அங்கே இருந்த பைரைட் எந்தக் காலத்திலோ தீர்ந்துபோயிருக்கும். சுரங்கத்தில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து புதுப் பாறையைக் கொண்டுவந்து மாவாக அரைக்கிறார்கள். அந்த மாவின் ஒவ்வொரு துகளிலும் காற்றும் மழையும் படுகிறது. மேகாலயாவின் ஜெயந்தியா மலையில் கந்தகம் மிகுந்த நிலக்கரியைத் தோண்டி ஆறுகளே அமிலமாகிப் போயின. அங்கே லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாக மாறுவது பல ஆண்டுகளாகச் செய்தியில் வருகிறது. எலிவளைச் சுரங்கங்களை (ஆள் தவழ்ந்து போகிற குறுகலான நிலக்கரிக் குழிகள்) தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்ததற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

காற்று, தண்ணீர், பைரைட். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அமிலம். ஒன்றைத் தடுத்தாலும் போதும். கீழே பல பதில்கள் இதையே சுற்றி வரும்.

குட்டையில அடி தெரியுது, தண்ணி அவ்வளவு தெளிவு. அப்ப நல்ல தண்ணிதானே?

எனக்கு அந்தத் தெளிவைக் கண்டால்தான் பயம். அமிலத் தண்ணீரில் கரைந்திருக்கும் அலுமினியமும் இரும்பும் களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்கிவிடும். பாசியும் அதிகம் பிடிக்காது. பார்வைக்கு மினரல் வாட்டர்தான்.

கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். தவளை, தட்டான் குஞ்சு, நீர்ப்பூச்சி, பாசி எதுவுமே இல்லாத தெளிந்த தண்ணீர் என்றால் கை வைக்கவேண்டாம். பச்சையாக, கொஞ்சம் பாசியோடு, மீன் துள்ளுகிற கிரானைட் குட்டையாக இருந்தால் அமிலம் இருக்க வாய்ப்பு குறைவு. அதற்காக அது குடிக்கிற தண்ணீர் ஆகிவிடாது. நைட்ரேட்டுக்கும் ஆர்சனிக்குக்கும் மீன் சாட்சி சொல்லாது.

எங்க போர் தண்ணி பிடிச்சு வச்சா செம்பட்டையா கசடு படியுது. சைனைடு கலந்துடுச்சா அண்ணா?

இல்லை. சயனைடுக்கு நிறமே கிடையாது. செம்பட்டையாகப் படிவது இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, குடத்துக்கு வந்ததும் காற்றுப் பட்டுத் துருவாக மாறி அடியில் உட்காருகிறது. சுரங்கமே இல்லாத ஊர்களிலும் இது உண்டு. பழைய கேசிங் பைப் துருப்பிடித்தாலும் இப்படித்தான் வரும்.

தண்ணீர் எவ்வளவு அமிலம் என்று காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள், கடையில் மலிவாகக் கிடைக்கும். 6.5க்கும் 8.5க்கும் நடுவில் இருந்தால் அது வெறும் இரும்புத் தொல்லை. 5, 4 என்று இறங்கினால் விஷயம் வேறு. பிஎச்சில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறியதாக அர்த்தம், இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு. அப்போது லேபுக்குத்தான் போகவேண்டும்.

கேஜிஎஃப் மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சைனைட் மேட்டுல இன்னுமா சைனைடு கீது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். 1887இல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்ற முறை அது: அரைத்த தாதுவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து வரும். மிச்சச் சகதியைக் கொட்டிக் கொட்டித்தான் இந்த மேடுகள் எழுந்தன. 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப்பின் புதுச் சயனைடு அங்கே போகவில்லை.

எந்த உலோகத்தோடும் பிணையாத தனிச் சயனைடு நீண்டகாலம் தாங்காது. வெயில், காற்று, பாக்டீரியா மூன்றும் அதைச் சிதைத்துவிடும். மழைத் தண்ணீரால் காரத்தன்மை குறையக் குறைய வாயுவாகவும் பறந்துவிடும். அதனால் மேட்டின் மேல்தோலில் படம் எடுக்கப் போகிறவர்கள் சயனைடால் சாகப்போவதில்லை. ஆனால் இரும்போடு பின்னிக்கொண்ட சயனைடு வேறு ரகம். வெளிச்சம் படாத உள்பகுதியில் அது பல்லாண்டு அசையாமல் கிடக்கும். தோண்டி வெயிலில் போட்டால் அதிலிருந்து மறுபடி தனிச் சயனைடு பிரியும்.

ஜனங்கள் சயனைடு என்ற பேரைக் கேட்டே மிரண்டு, மற்றதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். ஆர்சனிக்கும் உலோகங்களும் சிதைவதே இல்லை. அவை தனிமங்கள், எத்தனை வருஷம் ஆனாலும் அவையேதான். தங்கத் தாதுவோடு ஆர்சனிக் கனிமம் சேர்ந்து வருவது பல நாட்டுச் சுரங்கங்களில் சகஜம். அப்புறம் காற்றில் கிளம்பும் நுண்ணிய சிலிக்கா தூசு இருக்கிறது, அது நுரையீரலுக்கு. மேட்டுக்குக் கீழே கிணறு வைத்திருப்பவர்கள் சயனைடை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

டிடிஎஸ் மீட்டர்ல 300தான் காட்டுது. 500க்குக் கீழ இருந்தா குடிக்கலாம்னு கேன் போடறவரு சொன்னாரு.

அந்த மீட்டர் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஒரு அந்தாசாகச் சொல்லும், அவ்வளவுதான். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் மொத்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை. ஆர்சனிக்குக்கு எல்லை 0.01 மில்லிகிராம், சயனைடுக்கு 0.05, ஈயத்துக்கு 0.01. எல்லையைப்போல் இருபது மடங்கு ஆர்சனிக் கலந்தாலும் மீட்டரில் ஒரு எண்கூட ஏறாது.

உப்புக் கரித்தால் ஆளே குடிக்கமாட்டார், பிரச்சனை அங்கேயே முடிந்துவிடும். ருசி மாறாமல் உள்ளே போவதைத்தான் தேடிச் சோதிக்கவேண்டும்.

நல்லா காய்ச்சி ஆறவச்சுக் குடிச்சா?

கிருமி சாகும். நைட்ரேட், ஃப்ளூரைடு, ஆர்சனிக், சல்பேட் (கந்தக அமிலத்திலிருந்து வரும் உப்பு) எதுவும் ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இவற்றின் செறிவு கூடும். சயனைடு சந்தேகம் உள்ள தண்ணீரை வீட்டுக்குள் வைத்துக் காய்ச்சவே கூடாது. வெளியே வருகிற ஆவியே விஷம்.

எங்க பாட்டி தேத்தாங்கொட்டை உரசுவாங்க. படிகாரம், முருங்கை விதைகூட சொல்றாங்க. அது பத்தாதா?

மூன்றும் கலங்கலை இறக்கும். அந்த வேலையை நன்றாகவே செய்யும். கிரானைட் குட்டையின் கல்மாவு கலந்த தண்ணீருக்குப் படிகாரம் சரியான பொருள்தான். கரைந்துபோன எதையும் இவை பெரிதாக எடுக்காது. படிகாரம் தண்ணீரின் பிஎச்சை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளும் என்பதால், ஏற்கெனவே அமிலமான தண்ணீருக்கு அது எதிர்வேலை.

வீட்டுல ஆர்ஓ மாட்டியிருக்கோம். இனி கவலை இல்லையே?

சல்பேட், ஃப்ளூரைடு, பெரும்பாலான உலோகங்களுக்கு ஆர்ஓ நல்ல சாதனம். ஓட்டைகள் மூன்று. மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறுகளை அது சரியாகத் தடுக்காது. காற்றுப் படாத ஆழ்போரில் ஆர்சனிக் அந்த வடிவத்தில்தான் அதிகம் இருக்கும். நடுநிலைத் தண்ணீரில் சயனைடும் அப்படியே. அடுத்து, இரும்பு கூடினால் சவ்வு சீக்கிரம் அடைத்துவிடும். முன்னால் ஒரு இரும்பு வடிகட்டி இல்லாவிட்டால் மாதாமாதம் மெக்கானிக்கைக் கூப்பிடவேண்டியதுதான். கடைசியாக, ஆர்ஓ தள்ளிவிடும் கழிவு நீரில் எல்லாமே செறிந்து இருக்கும். அதைப் பசுவுக்கும் கீரைப் பாத்திக்கும் ஊற்றுகிற வீடுகளைப் பார்க்கிறேன். தரைகழுவ, கக்கூசுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ்ல குவாரித் தண்ணிய ஜனங்களுக்குக் குடிக்கவே குடுத்தாங்களாமே. நாம மட்டும் ஏன் பயப்படணும்?

கொடுத்தது உண்மை. 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துக் கல்குவாரிக் குட்டைகளிலிருந்து எடுத்தார்கள், 2019இலும் எடுத்தார்கள். ஆனால் முதலில் லேபில் சோதித்து, செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தப்படுத்தித்தான் குழாயில் விட்டார்கள். அவை வெறும் ஜல்லிக்காக உடைத்த கல்குழிகள், தாதுச் சுரங்கம் அல்ல.

நம் கிரானைட் குட்டைகளையும் அப்படிப் பயன்படுத்த முடியும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ராயலசீமை வெயிலில் இவ்வளவு தண்ணீரைச் சும்மா விடுவது பாவம். வெடி வைத்து அதிக நாள் ஆகாத குழி என்றால் நைட்ரேட் பார்க்கவேண்டும். ஈரமான துளையில் திணித்த அமோனியம் நைட்ரேட் கரைந்து தங்கிவிடும். குடிநீர் எல்லை 45 மில்லிகிராம், அதற்குமேல் கைக்குழந்தைக்கு ஆபத்து. ஃப்ளூரைடும் பாருங்கள், நம் பாறையில் இயற்கையாகவே உண்டு, குவாரிக்காரர் மேல் மட்டும் பழி போடமுடியாது. முதலில் குழியைச் சுற்றி வேலி போடுங்கள். செங்குத்தான சுவரில் ஏறி வர வழி இல்லாமல் பிள்ளைகள் மூழ்குவது, எந்த ரசாயனத்தையும்விட அதிகமாக நடக்கிறது.

தக்காளிக்கும் மல்பெரிக்கும் அந்தத் தண்ணி விடலாமா? மாடு குடிச்சா?

கிரானைட் குட்டை என்றால் பயிருக்குத் தாராளமாக விடலாம். நைட்ரேட் பயிருக்கு உரம்தான், யூரியாவில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரும்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் சொட்டுநீர்க் குழாயின் கண் அடைத்துப்போகும். ஒரு தொட்டியில் கொட்டிக் காற்றுப் பட விட்டு, தெளிந்தபின் விடவேண்டும். பாலிஷ் ஃபேக்டரிச் சகதி கலந்ததை மட்டும் நிலத்தில் விடாதீர்கள். காய்ந்ததும் சிமெண்ட் பூசினமாதிரி ஆகி, மழை உள்ளே இறங்காது. ஏரியில் கொட்டினாலும் அதே கதி, ஊற்று அடைபடும்.

தங்கச் சுரங்க மேட்டிலிருந்து வழியும் ஓடை என்றால் ஆர்சனிக், காட்மியம் ரிப்போர்ட் பார்க்காமல் கீரை, கிழங்குக்கு விடக்கூடாது. மாட்டுக்குச் சல்பேட் 1000 மில்லிகிராமைத் தாண்டினால் கழிச்சல் எடுக்கும், பால் குறையும். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பினால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அமிலத் தண்ணிக்குச் சுண்ணாம்பு போட்டா சரியாகிடும்ங்கறாங்க. எங்க குட்டைக்கு எத்தனை மூட்டை வேணும்?

யோசனை சரிதான். உலகம் முழுக்க சுண்ணாம்புதான் முதல் மருந்து. ஆனால் பிஎச்சை மட்டும் வைத்து மூட்டைக் கணக்கு போடமுடியாது. ஒரே பிஎச் 3.5 காட்டும் இரண்டு குட்டையில் ஒன்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு போதும், இன்னொன்றுக்குப் பத்துப் பங்கு வேண்டும். கரைந்திருக்கும் இரும்பும் அலுமினியமும் படியும்போது மேலும் மேலும் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் லேபில் மொத்த அமிலத்தன்மை என்ற சோதனையைக் கேட்கவேண்டும். உதாரணத்துக்கு, 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழத்தில் 2 கோடி லிட்டர் நிற்கிறது. அமிலத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தால், கலப்படமில்லாத நீர்த்த சுண்ணாம்பே 7.4 டன் வேண்டும். கடைச் சுண்ணாம்பில் கல்லும் மண்ணும் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரையிலிருந்து கொட்டினால் அது நேராக அடிக்குப் போய்க் கட்டிதட்டும். கரைத்து, கலக்கி, காற்றும் அடிக்கவேண்டும். பிஎச் ஏற ஏற ஒவ்வொரு உலோகமாகப் படியும்: துருவான இரும்பு 4ஐ நெருங்கும்போதே, அலுமினியம் 5, 6 அருகில், துத்தநாகம் 9 பக்கம், மாங்கனீசுக்கு அதற்கும் மேலே. ஒரே எண்ணில் எல்லாம் போய்விடாது. அடியில் சேரும் சகதியில் அத்தனை உலோகமும் இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டால் அடுத்தமுறை அமிலத் தண்ணீர் வந்து சேரும்போது மறுபடி கரையும். இன்னொன்றும் சொல்லவேண்டும், சல்பேட் சுண்ணாம்பால் முழுக்கப் போகாது. ஜிப்சமாகப் படிந்தது போக லிட்டருக்கு 1500, 2000 மில்லிகிராம் அப்படியே நிற்கும். குடிநீர் எல்லை 200, அதிகபட்சம் 400.

அப்ப பெரிய கம்பெனிங்க எப்படித்தான் சுத்தம் பண்றாங்க?

மேலே சொன்னதையேதான், பெரிய தொட்டிகளில், அளந்து அளந்து. சுண்ணாம்புப் பால் கலக்கும் தொட்டி, காற்றடிக்கும் தொட்டி, கசடு தெளியும் தொட்டி. படிந்த கசடில் ஒரு பங்கைத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்பினால் கசடு கெட்டியாகி இடம் மிச்சமாகும். ஆர்சனிக் இருந்தால் இரும்பு உப்பைக் கலந்து, அந்தத் துருவோடு ஒட்டவைத்து இறக்குவார்கள். சல்பேட்டையும் எடுக்கவேண்டும் என்றால் கடைசியில் ஆர்ஓ. தென்னாப்பிரிக்காவின் எமலாஹ்லேனி நகரத்துக்கு நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரை இப்படிச் சுத்தம் செய்து 2007 முதல் குடிக்கவே தருகிறார்கள். முடியாத காரியம் இல்லை. கரண்டும் ஆளும் பணமும் வருஷம் முழுக்க வேண்டும். தங்கம் தீர்ந்தபிறகும் வேண்டும் என்பதுதான் கம்பெனிகளுக்குக் கசக்கிற இடம்.

சம்பு, கோரை நட்டா தண்ணி தானா சுத்தமாகும்னு யூடியூப்ல பார்த்தேன். நிஜமா?

பாதி நிஜம். கோரைக்காட்டின் வேர்ச்சேற்றில் காற்று இல்லை. அங்கே இருக்கும் பாக்டீரியா சல்பேட்டைச் சல்ஃபைடாக மாற்றும். அது உலோகங்களைப் பிடித்துச் சேற்றிலேயே நிறுத்திவிடும். கரண்ட் வேண்டாம், ஆள் குறைவு. மிதமான அமிலம், சிற்றோடை, நிறைய நிலம் என்றால் நல்ல ஏற்பாடு. முன்னால் சுண்ணாம்புக்கல் நிரப்பிய ஓடை வெட்டுவார்கள். அதில் காற்றுப் பட்டால் கல்மேல் துருத்தோல் படிந்து வேலை நின்றுபோகும் என்பதால் மூடித்தான் வைப்பார்கள்.

நம் ஊருக்கு இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். ஏப்ரல், மே மாதத்தில் கோரைக்காடு காய்ந்து வெடித்தால் சேற்றில் பிடித்து வைத்த சல்ஃபைடில் காற்றுப் படும். அது மறுபடி அமிலமாகி, முதல் மழையில் மொத்தமாக வெளியே வரும். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் இடம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சைனைடு தண்ணியில ப்ளீச்சிங் பவுடர் போட்டா முறிஞ்சிடும்னு ஒருத்தர் சொன்னாரு. போடட்டுமா?

போடாதீர்கள். ஆலைகளில் குளோரின் கொண்டு முறிக்கும் முறை இருக்கிறது என்பதால் வந்த அரைகுறைச் செய்தி இது. அங்கே முதலில் காரம் சேர்த்து பிஎச்சை 10க்கு மேல் நிறுத்திவிட்டுத்தான் குளோரின் சேர்ப்பார்கள். பிஎச் குறைவாக இருக்கும்போது போட்டால் சயனோஜென் குளோரைடு என்ற விஷவாயு கிளம்பும். அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். இப்போது பல சுரங்கங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது கந்தக டைஆக்சைடும் காற்றும் கலந்த முறை. எதுவானாலும் மீட்டரும் முகக்கவசமும் வைத்துக்கொண்டு பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. ஆற்றில் விடலாம் என்று சட்டம் அனுமதிக்கும் எல்லை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். குடிநீர் எல்லையைவிட அது நான்கு மடங்கு என்பதையும் கவனியுங்கள்.

சுரங்கத்தை மூடிட்டு மோட்டாரையும் நிறுத்திட்டா தண்ணி ரொம்பி காத்து போகாதே. நீங்க சொன்னபடி அமிலம் நின்னுடணுமே?

இரண்டாவது பதிலை நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நிரம்பி முடித்தபின் அமிலம் குறையும், உண்மை. சிக்கல் நிரம்பும்போது. இத்தனை வருஷம் காற்றோட்டத்தில் சுவர்களில் பூத்துக் கிடந்த அமில உப்பு மொத்தமும் முதல் தண்ணீரில் கரைந்துவிடும். இங்கிலாந்தில் கார்ன்வால் மாவட்டத்து வீல் ஜேன் தகரச் சுரங்கத்தில் பம்ப்பை நிறுத்தினார்கள். 1992 ஜனவரியில் அடைப்பு உடைந்து சுமார் 5 கோடி லிட்டர் வெளியே வந்து, கடல்முகம் வரை செம்பட்டையானது. அமெரிக்காவில் மொன்டானாவின் பெர்க்லி குழியில் 1982இல் பம்ப்பை நிறுத்தினார்கள். செப்பு கலந்த அமில ஏரி ஆகிவிட்டது. 1995இல் இறங்கிய பனிவாத்துகள் முந்நூற்றுக்கு மேல் செத்தன.

தங்கவயலின் ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல். அங்கே கவனிக்க வேண்டியது, நிரம்பிய தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, தாழ்வான எந்த வாயில் வழியும், வழியும்போது யார் சோதிப்பது என்பவை. மூடும் திட்டத்தில் எழுதவேண்டிய விஷயங்கள் இவை.

தண்ணி மாதிரியைக் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்ல பிடிச்சு அனுப்பினா போதாதா?

ரிப்போர்ட் வரும், ஆனால் நம்பமுடியாது. உலோகத்துக்கு எடுக்கும் பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடவேண்டும், இல்லாவிட்டால் இரும்பும் ஆர்சனிக்கும் பாட்டில் சுவரில் படிந்து குறைத்துக் காட்டும். சயனைடு பாட்டிலில் இதற்கு நேர்மாறு: காரம் சேர்த்து, வெளிச்சம் படாமல், ஐஸ் பெட்டியில் போகவேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆபத்து. கிருமிச் சோதனைக்குத் தனியாகக் கொதிக்கவைத்த பாட்டில். லேபிலேயே மருந்து போட்ட பாட்டில் கேட்டு வாங்குவதுதான் நல்லது.

கிராமச் சச்சிவாலயத்தில் (ஆந்திராவில் ஊர் அரசு அலுவலகம்) இருக்கும் கிட் பெட்டி பிஎச், இரும்பு, நைட்ரேட், ஃப்ளூரைடு வரை பார்க்கும். உலோகத்துக்கும் சயனைடுக்கும் அங்கீகாரம் பெற்ற லேப்தான். மே மாதக் கடைசியில் ஒருமுறை, முதல் பெருமழைக்கு அடுத்தநாள் ஒருமுறை எடுங்கள். மேட்டில் சேர்ந்த உப்பு கழுவப்படுவது அந்த முதல் மழையில்தான்.

சுரங்கம் அந்த மாநிலத்துல, கிணறு இந்த மாநிலத்துல. நாங்க யார்கிட்ட போறது?

பாலாறு கர்நாடகாவில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடுகிறது. மேலே விட்டது கீழே வந்தே தீரும். சுரங்கம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் 1974 தண்ணீர்ச் சட்டப்படி கழிவுநீருக்கு அனுமதி கொடுப்பது. முதல் மனு அங்கே, அதன் நகல் உங்கள் மாநில வாரியத்துக்கு. கேட்கவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு, கேரளா எல்லாம் அதற்குள் வரும். பொதுவான வழக்குக்கு விஷயம் எழுந்ததிலிருந்து 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 வருஷம். தேதி போட்ட லேப் ரிப்போர்ட்டுகள் இல்லாமல் போனால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும்.

பணத்துக்கு ஒரு வழி உண்டு, நம் ஊர்களில் கேட்பவர்கள் குறைவு. சுரங்கச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் மாவட்டக் கனிம நிதி என்று ஒன்று வந்தது. சுரங்கக்காரர் கட்டும் ராயல்டியின் மேல் 10 அல்லது 30 சதவீதம் அதில் சேரும். கிரானைட் போன்ற சிறுகனிமங்களுக்கு மாநிலம் விகிதம் வைக்கும். குடிநீர் அதன் முன்னுரிமைச் செலவுகளில் ஒன்று. கிராம சபைத் தீர்மானம் போட்டு, ரிப்போர்ட்டை இணைத்துக் கலெக்டருக்குக் கொடுங்கள்.

சைனைட் மேட்டை மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கப் போறாங்களாமே. நமக்கு நல்லதா, கெட்டதா?

13 மேடுகளைத் திரும்பப் பதப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டுமே நடக்கலாம். அந்தக் காலத்தில் அடியில் எதுவும் விரிக்காமல் கொட்டியதை, இப்போது எடுத்து, தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போட்ட குளத்தில் வைத்து, மேலே மண் மூடி மரம் வைத்தால் நமக்கு லாபம். அரைகுறையாகக் கிளறிவிட்டுப் பாதியில் போனால், உள்ளே உறங்கிய இரும்புச் சயனைடும், பைரைட் போன்ற சல்ஃபைடும் வெயிலுக்கும் மழைக்கும் வரும்.

பொதுமக்கள் கருத்துக்கேட்பு வந்தால், வேலைவாய்ப்பு எத்தனை என்பதோடு இவற்றையும் கேளுங்கள்: மேட்டின் மண்ணில் சல்ஃபைடு எவ்வளவு, அது அமிலம் விடுமா என்ற சோதனை நடந்ததா? புதுக் குளத்தின் அடியில் என்ன விரிப்பு? எவ்வளவு பெரிய மழைக்குக் கரை தாங்கும்? மேட்டுக்கு வெளியே பெய்யும் நல்ல மழைத் தண்ணீரைச் சுற்றிவிட வாய்க்கால் உண்டா? வேலை தொடங்கும் முன்பே சுற்றுக் கிணறுகளை எல்லாம் சோதித்து ரிப்போர்ட்டை ஊரில் ஒட்டுவார்களா? மூடியபின் சுத்திகரிப்புக்கான பணம் யார் பேரில், எந்தக் கணக்கில் இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கேள்வி ஏறியிருக்கிறதா என்றும் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.